சப்தரிஷியை நூலில் கோக்கலாம்

ஆசிரியருக்கு,

கோடை விடுமுறை வந்தால் பெங்களூருவில் பிள்ளைகளுக்கு முகாம்களுக்குக் குறைவில்லை. விண்மீன் பாடம் மட்டும் பெரும்பாலும் கறுப்பு அட்டையில் வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டுவதோடு சரி. நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே பலகையில் அறைந்த ஆணிகள் என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். ஏழு பாசிமணியும் கொஞ்சம் நூலும் இருந்தால் அதைத் திருத்திவிடலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் இரவு எட்டரை மணிக்கு வடக்கே உயரத்தில் நிற்பது சப்தரிஷி மண்டலம்; நாலு மீன் கிண்ணமாகவும் மூன்று மீன் வாலாகவும் நிற்கும் கரண்டி உருவம், மீனுக்கு ஒரு ரிஷியின் பெயர். அதை 14 செ.மீ. நீளத்தில் அட்டையில் வரைந்து, ஏழு புள்ளியிலும் ஊசியால் துளையிட வேண்டும். துளைக்கு ஒன்றாக 45 செ.மீ. தையல் நூல், ஒவ்வொன்றிலும் ஒரு மணி. உல்லன் நூல் ஆகாது, இழுத்தால் நீண்டு கணக்கைக் கெடுக்கும். ஏழு நூலையும் அட்டைக்கு 30 செ.மீ. முன்னால் சேர்த்து ஒரே முடிச்சாகப் போடுங்கள். அந்த முடிச்சுதான் பூமி.

5 ஒளியாண்டுக்கு (ஒளி ஓராண்டில் போகும் தூரம் ஓர் ஒளியாண்டு) 1 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முடிச்சிலிருந்து அளந்தால் கிண்ணத்தின் வாயில் வாலுக்கு எதிர் ஓரத்தில் இருக்கும் கிரதுவின் மணி 24½ செ.மீ.யில், வால் நுனி மரீசி 21இல், மற்ற ஐவரும் 16க்கும் 16½க்கும் இடையில் வருவார்கள். மணிக்குள் நூலை இரண்டு முறை விட்டால் நழுவாது. முடிச்சருகே ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தால் வானத்தில் உள்ளபடியே தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் உருவமே கலைந்துவிடும்.

பலரும் தவறுவது ஓரிடத்தில். வரைந்த பக்கம் முடிச்சைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிக் கட்டினால் கண்ணாடியில் பார்த்ததுபோல வால் இடம் மாறிவிடும். மொட்டை மாடியில் பிள்ளை தேடித் தேடி அலுத்துப்போகும்.

கதைக்கு எங்கும் போக வேண்டாம். அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் சடங்கைக் கல்யாண வீட்டில் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ரிஷி பத்தினியர் ஏழு பேரில் ஆறு பேர் கார்த்திகைப் பெண்களாகிப் போக, அருந்ததி மட்டும் வசிட்டர் பக்கத்திலேயே நின்றாள் என்கிறது மகாபாரதக் கதை. முருகனை வளர்த்தவர்கள் அந்த அறுவர்தான் என்றால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். நம் அட்டையில் வாலின் நடுமீனான வசிட்டருக்கும், அவரை ஒட்டிய சிறு மீனான அருந்ததிக்கும் இடைவெளி 1 மி.மீ.தான். தனித் துளை போட்டால் அட்டை கிழியும், பேனா முனையால் ஒரு புள்ளி வையுங்கள்.

நகர வெளிச்சத்தில், வால் கிண்ணத்தோடு சேரும் இடத்து அத்திரி மங்கிப்போய் "ஆறுதானே இருக்கு!" என்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அருந்ததிக்கு பைனாகுலர் வேண்டும். கிண்ணத்தின் அதே ஓரத்தில் அடியில் இருக்கும் புலகரிலிருந்து கிரதுவுக்குப் போகும் கோட்டை அதே போக்கில் ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம். ஆனால் பெங்களூருவில் அது அடிவானத்திலிருந்து 13 டிகிரிதான், கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே. வடக்கே அடுக்குமாடி இல்லாத மாடியாகப் பார்த்து ஏறுங்கள்.

வாசகர்,
அல்சூர், பெங்களூரு