விதைப் பையிலிருந்த சிறிய பொட்டலம்

அன்பு மகள் மலர்விழிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

சென்ற வாரம் தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்குப் பாதி பதில்தான் சொன்னேன். மரபணு மாற்றப் பயிர் என்றாலே நம் பக்கத்து விவசாயிகள் ஏன் முகம் சுளிக்கிறார்கள், அறிவியல் தெரியாததால்தானே என்று கேட்டாய். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனாலும் குடவாசல், நன்னிலம் வட்டாரத்தில் கோடைப் பருத்தி போடுகிறவர்கள் இந்தத் தொழில்நுட்பத்தைக் கேள்விப்பட்டு மட்டும் அறிந்தவர்கள் அல்லர். சம்பா அறுத்த வயலில் ஆண்டுதோறும் அதை விதைத்து, பறித்து, விற்று அறிந்தவர்கள். ஆகவே பருத்தியிலிருந்தே தொடங்குகிறேன்.

பி.டி. பருத்திக்கு மத்திய அரசு 2002இல் அனுமதி அளித்தது. மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்ற பாக்டீரியாவின் மரபணு செடிக்குள் உண்டாக்கும் புரதம், காய்ப்புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து குடல் சுவரைத் துளைத்துவிடும் என்பதும், நம் வயிற்றில் அந்தப் புரதம் பற்றிக்கொள்ள இடமில்லை என்பதும் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. உனக்குத் தெரியாதது அதற்கு முந்தைய காலம். பச்சைக் காய்ப்புழு மிகுந்த ஆண்டுகளில் ஓயாமல் மருந்தடித்துவிட்டு, தலைசுற்றலும் கண்ணெரிச்சலுமாக உன் பெரியப்பா திண்ணையில் சாய்ந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். புதிய விதை வந்தபின் காய்ப்புழுவுக்கான தெளிப்பு வெகுவாகக் குறைந்தது. அசுவினி, தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி ஆகியவற்றை அந்தப் புரதம் ஒன்றும் செய்யாது என்பதால் தெளிப்பான் முழு ஓய்வு பெறவில்லை. என்றாலும் கிடைத்த நன்மையை மறுக்கிறவர்கள் தெளிப்பானை முதுகில் சுமந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

அப்போதெல்லாம் விதை வாங்கும்போது 450 கிராம் பையோடு 120 கிராம் எடையுள்ள சிறிய பொட்டலம் ஒன்றும் சேர்ந்து வந்தது. அதில் இருந்தது மரபணு மாற்றாத விதை. அதைத் தஞ்சப் பயிராக வயலைச் சுற்றி வரிசையாக ஊன்ற வேண்டும். அங்கே நஞ்சைச் சந்திக்காத புழுக்கள் வளர்ந்து, எங்கோ தப்பிப் பிழைத்த எதிர்ப்புத்திறனுள்ள அந்துப்பூச்சிகளோடு இணைசேர்ந்தால், அடுத்த தலைமுறையில் அந்தத் திறன் நீர்த்துப்போகும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் குத்தகைக்கு நிலம் பிடித்து, கடன் வாங்கி உரம் போட்டவரிடம் ஓரத்து வரிசைகளைப் புழுவுக்கு விட்டுக்கொடுங்கள் என்றால், அதன் காரணத்தை உட்கார்ந்து விளக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா? அப்படி ஒருவரும் வரவில்லை. பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருந்த பொடி எழுத்தைப் படிக்க மூக்குக்கண்ணாடியோடு பொறுமையும் வேண்டியிருந்தது. பல வீடுகளில் அது மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியபடியே இருந்து எலிக்கு இரையாயிற்று. பின்னாளில் அந்த விதையைப் பையிலேயே கலந்து விற்கும் முறை வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் வகை பி.டி. பருத்தியைத் தாங்கிக்கொண்டது 2010இல் வெளிப்பட்டது. 2006இல் வந்திருந்த இரண்டு மரபணு விதையையும் அது அடுத்த சில ஆண்டுகளில் வென்றது. சென்ற கோடையில் நம் ஊரிலேயே ஒரு காயைப் பிளந்து பார்த்தேன். வெளியே பச்சைப் பசேலென்று குறையில்லாமல் இருந்தது. உள்ளே ஓர் அறையின் பஞ்சு கறைபட்டு இறுகிக் கிடக்க, விதையைக் குடைந்தபடி அரிசி நீளத்தில் ஒரு புழு. பக்கத்துச் செடியில் இதழ்கள் விரியாமல் ரோஜா மொட்டுப் போல ஒட்டிக்கொண்ட பூக்கள் இருந்தன. வெளியிலிருந்து அடிக்கும் மருந்தும் அந்தப் புழுவைத் தொடாது.

இதே புழுவை அமெரிக்கா 2018இல் தன் பருத்தி வயல்களிலிருந்து முற்றிலும் ஒழித்துவிட்டதாக அறிவித்தது என்பதை நீ உன் தோழர்களுக்கும் சொல்ல வேண்டும். அங்கும் பி.டி. பருத்திதான். அரிசோனா விவசாயிகள் தஞ்சப் பயிரை ஒழுங்காக விதைத்தார்கள். பிறகு மலடாக்கிய அந்துகளைப் பெருந்தொகையாக வயலில் விட்டார்கள். நாமோ நெடுநாள் நிற்கும் வீரிய ஒட்டு ரகங்களைப் போட்டு, புழுவுக்கு மாதக்கணக்கில் விருந்து வைத்தோம். ஒரே மரபணு ஓரிடத்தில் வென்று மற்றோரிடத்தில் தோற்றதற்குக் காரணம், விதை விற்ற பிறகு அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததும் இல்லாததும்தான். நம் ஊர்க்காரரின் தயக்கத்துக்கு வேரும் இதுவே என்பது என் கருத்து.

உண்பதால் வரும் கேடு பற்றிய அச்சத்தை நான் பெரிதாக எண்ணவில்லை. உன் பாட்டி போட்டுக்கொள்ளும் இன்சுலின், 1982 முதல் மரபணு மாற்றிய நுண்ணுயிரால் செய்யப்பட்டு வரும் வகையைச் சேர்ந்தது. நம் மாடுகள் தின்னும் பருத்திக்கொட்டையும் பி.டி.தான். எனினும் சோதனை வேண்டாம் என்பதில்லை. பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் வைத்தபோது அந்தக் கொட்டையின் ஒவ்வாமையும் கூடவே வந்ததை 1996இல் சோதனையில் கண்டு, அந்தச் சோயாவை விற்பனைக்கே விடாமல் நிறுத்தினார்கள். இன்சுலின் நுண்ணுயிர் மூடிய கலத்துக்குள் இருக்கும், பயிரோ திறந்த வயலில் காற்றோடும் வண்டோடும் உறவாடும் என்ற வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. பி.டி. கத்தரியை 2010 பிப்ரவரியில் நிறுத்திவைத்தபோது, கத்தரியின் பல்வகை வளர்ந்த தாயகங்களுள் நம் நாடும் ஒன்று என்ற வாதம் முன்வந்தது. அதை வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று தள்ள மாட்டேன். வங்கதேசம் 2014 முதல் அதைப் பயிரிட்டு வருகிறது. அவர்கள் வயலிலிருந்து நாம் கற்கலாம்.

மரபணு ஆய்வில் இருக்கும் உன் துறைக்காரர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. அயல் மரபணு இல்லை என்றதும் ஆபத்தும் இல்லை என்பதுபோல் பேசுகிறீர்கள். 2021இல் வெளிவந்த பூசா பாசுமதி 1979, 1985 ஆகிய ரகங்கள் சடுதிமாற்றத்தால், அதாவது நெல்லின் சொந்த மரபணுவில் ஏற்பட்ட மாறுதலால், களைக்கொல்லியைத் தாங்குபவை. அவற்றில் அயல் மரபணு கிடையாது. அந்தப் பண்பு நம் நேரடி விதைப்பு வயலுக்கு வந்தால் களையெடுக்கும் கூலி மிச்சமாகும் என்பது மெய். ஆனால் மகரந்தம் வழியாக அது வயலில் களையாக முளைக்கும் நெல்லுக்குப் போய்ச் சேர்ந்தால், பிறகு எந்த மருந்தை அடிப்பது? மறுபுறம், சி.ஆர். 1009 சப் 1 நெல்லைப் பார். ஒடிசாவின் பழைய நெல் ஒன்றில் இருந்த மரபணுவை அடையாளம் கண்டு, பழைய கலப்பு முறையிலேயே சி.ஆர். 1009 என்ற நம் பொன்மணிக்குக் கொண்டுவந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளத்துக்குள் மூழ்கிக் கிடந்தாலும் இரண்டு வாரம் வரை தாங்கும். அதன் நெல்லையே மறு ஆண்டுக்கு விதையாகவும் எடுத்துவைக்கலாம்.

அயல் மரபணு சேர்க்காமல் செடியின் சொந்த மரபணுவையே திருத்திய பயிர்களுக்கு, மரபணு மாற்றப் பயிர் விதிகளிலிருந்து 2022இல் அரசு விதிவிலக்கு அளித்தது. 2025 மே மாதத்தில் அறிவித்த அத்தகைய நெல் இரண்டையும் இப்படித்தான் எடைபோட விரும்புகிறேன். அவற்றுள் கமலா நம்மவர்கள் ஆந்திரா பொன்னி என்று அழைக்கும் பி.பி.டி. 5204இலிருந்து வந்தது. 19 விழுக்காடு கூடுதல் விளைச்சல் என்கிறார்கள். அதை நம் வயல்தான் சொல்ல வேண்டும். பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் 2001 விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. திருத்தும் கருவியின் காப்புரிமைகளோ வெளிநாட்டு நிறுவனங்களிடம் இருக்கின்றன. இரண்டும் மோதினால் எது நிற்கும் என்பதை விதை கைக்கு வருமுன் எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் ஆய்வகத்தின் உவர் தாங்கும் நெல் வயல் சோதனைக்கு வரும்போது ஒன்றைக் கேட்டு வாங்கு. நன்னிலத்து நல்ல வண்டலில் அது விளைந்து பயனில்லை. கடல்நீர் ஏறும் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடையில் வைக்கச் சொல். விவசாயிக்குக் கொடுக்கும் அறிவுரைத் தாளை அலுவலகத்தில் எழுதுவதற்கு விட்டுவிடாமல் நீயே எழுதி, அச்சுக்குப் போகுமுன் எனக்கு அனுப்பு. எனக்கும் உன் பெரியப்பாவுக்கும் புரிந்தால் போதும். தலைஞாயிற்றில் தெரிந்தவர் ஒருவர் தம் நிலத்தைக் காட்டச் சம்மதித்திருக்கிறார். பொங்கலுக்கு வரும்போது மண் மாதிரி எடுக்கும் பைகளை மறவாமல் கொண்டுவா.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா