அட்டையில ஒரு பேரு, உள்ள எழுதினது யாரு?

ஆசிரியருக்கு வணக்கம் சார்,

போன ஞாயிறு இணைப்புல எல்லரி க்வீன் பத்தி வந்த கட்டுரை படிச்சேன் (அமெரிக்கத் துப்பறியும் நாவல்கள்ல எழுதினவங்க புனைபேரும் அதுதான், துப்பறியற ஹீரோ பேரும் அதுதான்), தமிழ் பேப்பர்ல அந்தப் பேரைப் பாத்ததே சந்தோஷம், ஆனா அந்தப் பேர்ல வந்த நாவல் எல்லாமே ரெண்டு கசின்ஸ் எழுதினதுன்னு போட்டுட்டீங்க, அது பாதிதான் சரி.

1929ல 'தி ரோமன் ஹாட் மிஸ்டரி' வந்ததுலேருந்து ரொம்ப வருஷம் அப்படித்தான், அந்த கசின்ஸ்ல ஃப்ரெட்ரிக் டேன்னே ப்ளாட் போடுவார், மான்ஃப்ரெட் லீ அதை நாவலா எழுதுவார், நடுவுல லெட்டர்லயே சண்டை வேற. அப்புறம் லீக்கு எழுத்து ஓடாமப் போச்சு, 60கள்ல வெளியாட்களைக் கூப்பிட்டாங்க. 1963ல வந்த 'தி ப்ளேயர் ஆன் தி அதர் சைட்' தியடோர் ஸ்டர்ஜன் எழுதினது, அடுத்த வருஷம் வந்த 'அண்ட் ஆன் தி எய்ட்த் டே' அவ்ரம் டேவிட்சன் எழுதினது. ரெண்டு பேருமே சயின்ஸ் ஃபிக்ஷன் ஆளுங்க! ஆனா ப்ளாட் டேன்னேயோடது, துப்பறியறது எல்லரிதான், அதனால இதைப் போலின்னு ஒதுக்க எனக்கு மனசு வரல.

குழப்பமே அதே சமயத்துல எல்லரி க்வீன் பேர்லயே வந்த பேப்பர்பேக்ல தான் சார். காலேஜ் படிக்கும்போது ப்ளாட்ஃபாரம் கடையில 'தி ஃபோர் ஜான்ஸ்' வாங்கினேன், எல்லரி இப்ப வருவார் அப்ப வருவார்னு நூறு பக்கம் காத்திருந்தேன், கடைசி வரைக்கும் ஆள் வரவே இல்ல, கடைக்காரர் பக்கத்தைக் கிழிச்சுட்டாரோன்னுகூட சந்தேகப்பட்டேன். எழுதினது ஜாக் வான்ஸ்னு இன்னொரு சயின்ஸ் ஃபிக்ஷன் எழுத்தாளர்னு பல வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது. அவர் 1964லேருந்து 66 வரைக்கும் இந்த மாதிரி மூணு எழுதியிருக்கார், மேற்பார்வை லீ, டேன்னே ப்ளாட் கிடையாது. வான்ஸ் பேரை அட்டையில போடாதது அநியாயம்தான், காசு வாங்கிட்டுதானே எழுதினார்னு சொல்றவங்க சொல்லட்டும்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு, 1932-33ல பார்னபி ராஸ்னு வேற பேர்ல வந்த நாலு நாவலும் அசல்ல டேன்னேயும் லீயும் எழுதினதுதான். மேடையில முகமூடி போட்டுக்கிட்டு ஒருத்தர் க்வீன், ஒருத்தர் ராஸ்னு விவாதமே பண்ணியிருக்காங்க, அட்டையை நம்பினா எப்படிக் கண்டுபிடிக்கறது?

அடுத்த தடவை புக் லிஸ்ட் போட்டா ப்ளாட் யாரு, எழுதினது யாருன்னு தனித்தனியா போடுங்க. அப்புறம் வான்ஸோட மூணாவது புக் 'தி மேட்மேன் தியரி' வாசகர்கள் யார்கிட்டயாச்சும் இருந்தா சொல்லச் சொல்லுங்க, பத்திரமா படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துடுவேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர், திருச்சி