குறுக்கிய லிங்க் வேண்டாம்: வங்கிகளுக்கு ஒரு திறந்த மடல்

வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் பொறுப்பில் இருக்கும் வங்கி அதிகாரிகளுக்கு,

வணக்கம். ‘தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள்’ என்று அடிக்கடி எச்சரிக்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அதே பெயரிலிருந்து ‘கேஒய்சி புதுப்பிக்க’ என்று இன்னொரு செய்தியும் வருகிறது. அதன் கடைசியில் ஒரு குறுக்கிய லிங்க்: சாய்கோட்டுக்குப் பின்னால் ஏழெட்டு எழுத்தும் எண்ணும் கலந்து கிடக்கும். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எவ்வளவு படித்தவராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

பென்ஷன் வாங்கும் பக்கத்து வீட்டு அம்மா அப்படி ஒன்றைக் காட்டி, “இது நம்ம பேங்க்தானே தம்பி?” என்று கேட்டார். லிங்க்கை அழுத்திப் பிடித்துப் பார்த்தோம். திரையில் வந்ததும் அதே குறுக்கிய முகவரிதான். “தொடாதீங்கம்மா, நேரே கிளைக்குப் போய்க் கேளுங்க” என்றேன். வெயிலில் போய் வந்தார். செய்தி உண்மையிலேயே வங்கி அனுப்பியதுதான்.

சரிபார்க்க வழியே இல்லையா என்றால், உண்டு. லிங்க்கைக் குறுக்கித் தரும் சேவைகளில் ஒன்றான பிட்லியின் லிங்க் என்றால், அதன் கடைசியில் ஒரு கூட்டல் குறி சேர்த்து பிரவுசரில் போட்டால், போய்ச் சேரும் இடத்தை முதலில் காட்டும். இன்னொரு சேவையான டைனியூஆர்எல் என்றால் முகவரிக்கு முன்னால் ‘பிரிவியூ’ என்று ஆங்கிலத்தில் சேர்த்து ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை. இதையெல்லாம் எழுபது வயதுக்காரர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நியாயமா? அப்படியே பார்த்தாலும், பல குறுக்கிகளில் லிங்க்கின் சொந்தக்காரர் நாளைக்கே அதை வேறு தளத்துக்குத் திருப்பிவிடலாம். வெளியே ஓர் எழுத்தும் மாறாது.

ரிசர்வ் வங்கி உங்கள் எல்லோரையும் 2025 அக்டோபர் 31-க்குள் ‘.பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிக்கு மாறச் சொன்னது. வங்கி அல்லாதவருக்கு அந்த முகவரி கிடைக்காது. சாதாரண மனிதர் வெறும் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடிய ஓர் அடையாளம் அது. அதைத்தான் குறுக்கிய லிங்க்குக்குள் ஒளித்து அனுப்புகிறீர்கள்.

இடம் போதவில்லை என்பீர்கள். தெரியும். ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்துக் குறிகள். தமிழில் எழுதினால் 70 தான், அதற்கு மேல் போனால் இரண்டு செய்திக்கான கட்டணம். அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் லிங்க்கே வேண்டாம். ‘எங்கள் ஆப்பைத் திறந்து பாருங்கள்’ என்றால் போதும்.

தொலைபேசி நிறுவனங்களிடம் பதிவு செய்யாத லிங்க் உள்ள குறுஞ்செய்திகளை 2024 அக்டோபர் 1 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தடுக்கச் சொல்லியிருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சல்லடை வாட்ஸ்அப்பில் கிடையாது. உங்கள் குறுஞ்செய்தியில் பழகிய விரல்தான் அங்கே வரும் போலிச் செய்தியையும் தொடுகிறது.

ஒவ்வொரு செய்திக்கும் டெம்ப்ளேட், அதாவது மாதிரி வாசகம், பதிவு செய்துதான் அனுப்புகிறீர்கள். அந்த டெம்ப்ளேட்களிலிருந்து குறுக்கிய லிங்க்கை எடுத்துவிட்டு, முழு முகவரியையும், பணம் பறிபோனால் அழைக்க 1930 என்ற எண்ணையும் சேருங்கள். எந்தத் தேதியிலிருந்து என்பதைக் கிளை வாசலில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்