கூரையேறிய கடற்காகம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனின் கடலோர நகரங்களில் கடற்காகங்களால் நேரும் தொல்லைகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கையிலிருக்கும் தின்பண்டத்தைப் பிடுங்கிச் செல்லும் பறவை என்பதோடு அதன் அறிமுகம் முடிந்துவிட்டதும், அதன் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டதாகக் கூறப்பட்டிருந்ததும் எனக்கு மிகுந்த வருத்தமளித்தன. கட்டுரை குறிப்பிடும் ஹெர்ரிங் கடற்காகம் 2009 முதல் பிரிட்டனின் அருகிவரும் பறவைகளுக்கான சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. நகரத்துக் கூரைகளில் அது முன்பைவிட அதிகமாகக் கண்ணில் படுகிறது என்பது உண்மை. ஆனால், பாறைக் கரைகளிலும் தீவுகளிலும் அது வழிவழியாகக் கூடுகட்டி வந்த இடங்களில் எண்ணிக்கை பெருமளவு சரிந்துவிட்டது. ஊருக்குள் நிறையத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து இனமே செழித்திருப்பதாக முடிவுகட்டக் கூடாது.

ஏறத்தாழ 60 செ.மீ. நீளமும், விரித்தால் 125 முதல் 155 செ.மீ. வரை அகலும் இறக்கைகளும் கொண்ட பெரிய பறவை இது. வளர்ந்த பறவைக்கு முதுகு வெளிர்சாம்பல் நிறம், இறக்கை நுனி கறுப்பு, கால்கள் இளஞ்சிவப்பு. ஆனால் இந்தத் தோற்றத்தை அடைய அதற்கு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை பழுப்புத் திட்டுகளும் கருத்த அலகுமாகத் திரியும் இளம்பறவைகளைப் பலர் வேறோர் இனம் என்றே எண்ணிவிடுகின்றனர். தங்கள் கட்டுரையுடன் வந்த படத்தில் இருப்பதும் அப்படியோர் இளம்பறவைதான்.

வளர்ந்த பறவையின் மஞ்சள் அலகில், கீழ்ப்பாதியின் நுனிக்குச் சற்று முன்னால், ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும். முட்டையிலிருந்து வெளிவந்து சில மணி நேரமே ஆன குஞ்சு அந்தப் பொட்டைக் கொத்தும். தாயோ தந்தையோ உடனே தலையைத் தாழ்த்தி, விழுங்கி வந்த இரையைக் கக்கி ஊட்டும். நெதர்லாந்தில் பிறந்த நிக்கோ டின்பர்கன், அட்டையில் செய்த தலைகளைக் குஞ்சுகளுக்குக் காட்டி இதை ஆராய்ந்தார். தலையின் நிறம் மாறினாலும் குஞ்சுகள் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. பொட்டின் நிறமும் அது அலகிலிருந்து எடுப்பாகத் தெரிவதுமே அவற்றுக்கு முக்கியமாக இருந்தன. தலையே இல்லாத, நுனியருகே வெள்ளை வளையங்கள் தீட்டிய ஒரு மெல்லிய சிவப்புக் குச்சியை உண்மையான தலையைப் போன்ற உருவத்தைவிடவும் அவை ஆர்வமாகக் கொத்தின என்பதுதான் பெரும் வியப்பு. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் டின்பர்கனும் ஒருவர். ஓர் அறிவியல் துறை காலூன்றத் துணைநின்ற பறவையைத் திருடன் என்று மட்டும் அறிமுகப்படுத்துவது முறையாகாது என்பது என் கருத்து.

உணவு தேடுவதில் அது காட்டும் திறமையும் குறைத்துச் சொல்லத்தக்கதல்ல. சிப்பியை அலகில் கவ்வி உயரே பறந்து, பாறையின் மீதோ தார்ச்சாலையின் மீதோ போட்டு உடைத்துத் தின்னும். புல்தரையில் நின்ற இடத்திலேயே இரு கால்களாலும் மாறிமாறி மிதித்து மண்புழுக்களை மேலே வரவழைக்கும். கடல்நீரையும் அதனால் குடிக்க முடியும். கண்களுக்கு மேலே உள்ள சுரப்பிகள் மிகுதியான உப்பைப் பிரித்தெடுக்க, கடல்நீரைவிட அடர்ந்த உப்புநீர் நாசித் துளைகள் வழியே வெளியேறி அலகு நுனியில் சொட்டும்.

இப்படிப்பட்ட பறவை ஊருக்குள் வந்ததில் மனிதர்களின் பங்கு பெரிது. 1956இல் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் வந்தபின், குப்பையை எரிப்பது குறைந்து மண்ணில் கொட்டிப் புதைப்பது பெருகியது. அந்தக் குப்பைமேடுகளில் கடற்காகங்களுக்கு ஆண்டு முழுவதும் உணவு கிடைத்தது. எண்ணிக்கை கூடியதும், ஆலா எனும் சிறு கடற்பறவைகளைக் காப்பதற்காக ஸ்காட்லாந்தின் மே தீவில் 1972 முதல் ஆயிரக்கணக்கான கடற்காகங்கள் கொல்லப்பட்டன. பின்னர் நச்சுணவு நோயும், மீன்பிடி படகுகள் கழித்துப்போடும் மீன் குறைந்ததும் சேர்ந்து, கடற்காகங்கள் வழிவழியாகக் கூடுகட்டி வந்த இடங்களில் அவற்றின் எண்ணிக்கையை மேலும் நலியச் செய்தன. நரி ஏற முடியாத, பாறை விளிம்பைப் போலவே அமைந்த கூரைகளுக்கு அவற்றில் ஒரு பகுதி இடம்பெயர்ந்ததில் வியப்பில்லை.

கட்டுரையில் விவரிக்கப்பட்ட 'தாக்குதல்கள்' பெரும்பாலும் ஜூன், ஜூலை மாதங்களில் நிகழ்பவை. வழக்கமாக மூன்று முட்டைகள். நான்கு வாரம் ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கும். குஞ்சு பறக்க மேலும் ஐந்தாறு வாரங்கள் ஆகும். அதற்குள் கூரையிலிருந்து தவறித் தெருவில் விழும் குஞ்சை நெருங்குபவர் யாராயினும், பெற்றோர் தலைக்கு மேல் பாய்ந்து விரட்டவே செய்யும். அது குஞ்சைக் காக்கும் செயலே ஒழிய, உணவைப் பறிக்கும் முயற்சியன்று.

உணவைப் பறிப்பதைத் தடுக்கவும் எளிய வழி இருக்கிறது. எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்ன்வால் கடலோரத்தில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததைவிட உணவை நெருங்கக் கடற்காகங்கள் சராசரியாக 21 விநாடிகள் கூடுதலாக எடுத்துக்கொண்டன; பல பறவைகள் நெருங்கவே இல்லை. கூடுகளைக் கலைக்க வேண்டும் என்ற கட்டுரையின் பரிந்துரைக்குப் பதிலாக இதைச் சொல்லியிருக்கலாம். 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி அங்கே இப்பறவையும் அதன் கூடும் முட்டையும் பாதுகாக்கப்பட்டவை; உரிமம் இன்றிக் கலைப்பது குற்றம். இந்தத் திருத்தத்தையாவது அடுத்த இதழில் வெளியிடும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்