மணலுக்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலோர நகரங்களின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது எத்தனை மாடிகள் எழுந்தன, சாலை எவ்வளவு நீண்டது என்றே கணக்குப் பார்க்கிறோம். அந்தக் கரைக்கு ஆண்டுதோறும் எவ்வளவு மணல் வருகிறது, எவ்வளவு போகிறது என்று கேட்பவர் அரிது. திட்ட அனுமதியின்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்று வற்புறுத்தவே இக்கடிதம்.

மீன்பிடி ஊர் நகரமாகும் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். முகத்துவாரம் தூர்ந்துபோகாமலிருக்கக் கல் கொட்டி அலைதடுப்புச் சுவர் எழுப்புகிறார்கள். மணல்மேடுகளைச் சமன்செய்து சாலை போடுகிறார்கள். சாலையைத் தொடர்ந்து விடுதிகளும் அடுக்குமாடிகளும் வருகின்றன. வலை உலர்த்தவும் படகேற்றவும் எல்லோருக்கும் பொதுவாக இருந்த மணல்வெளி, யார் பெயரிலும் பத்திரம் இல்லை என்ற ஒரே காரணத்தால், காலி நிலமாகிவிடுகிறது. மணல்மேடு என்பதோ புயலில் கடல் எடுத்துக்கொண்டு, அமைதியான மாதங்களில் சிறுகச் சிறுகத் திருப்பித் தரும் இருப்பு. அதன்மேல் கான்கிரீட் விழுந்தபின் திருப்பித் தர இடமே இல்லை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள கோல்டு கோஸ்ட் என்ற கடலோர நகரம் இதற்குத் தெளிவான சான்று. அங்கே ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1960களின் தொடக்கத்தில், நியூ சவுத் வேல்ஸ் மாநில எல்லைக்குள் உள்ள ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் சுவர்களை நீட்டியபோது அந்த மணல் தெற்கிலேயே தேங்கியது. வடக்கே குயின்ஸ்லாந்தின் கடற்கரைகள் மெலிந்தன. 1967ஆம் ஆண்டின் தொடர் புயல்கள் எஞ்சியதையும் வாரிக்கொண்டு போயின. இரு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டு, தேங்கிய மணலைக் குழாய் வழியே வடக்கே இறைக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது 2001இல்தான். சுவர் ஒரு மாநிலத்தில், இழப்பு மற்றொன்றில், தீர்வோ நாற்பதாண்டு கழித்து! சென்னைத் துறைமுகச் சுவர்கள் தெற்கே மெரினாவை அகலமாக்கி, வடக்கே ராயபுரம் பக்கம் கரையைத் தேய்த்ததும் இதே விதியால்தான். இத்தனைக்கும் பிறகு அதைக் ‘கடலரிப்பு’ என்கிறோம். அந்தச் சொல்லே பழியைக் கடல்மேல் சுமத்திவிடுகிறது.

நிலத்தடி நீரிலும் இதே கதைதான். அளவுமீறி உறிஞ்சியதால் டோக்கியோவின் கீழ்ப்பகுதிகளில் நிலம் சில இடங்களில் 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. 1956 முதல் கொண்டுவந்த கட்டுப்பாடுகள் தாழ்வதைப் பெருமளவு நிறுத்தின. தாழ்ந்த நிலம் பழைய மட்டத்துக்குத் திரும்பவில்லை.

கடலுக்குள் கல் இறக்கும் எந்தத் திட்டமும் மணலை மறுபக்கம் கடத்தும் ஆண்டுச் செலவைத் தன் மதிப்பீட்டிலேயே காட்ட வேண்டும். அதைவிட முக்கியமாக, மணல் போய்ச் சேர வேண்டிய திசையில் உள்ள ஊர்களைத் திட்ட அறிக்கை பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். இன்று திட்ட எல்லைக்கு அப்பால் இருக்கிறார்கள் என்பதாலேயே கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அவர்களுக்கு அழைப்பு போவதில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்