வட்டார வரலாற்று நூல்களுக்குத் தனி விருது வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற ஆய்வு நூலுக்கு அறிவிக்கப்பட்டபோது, நாவல்களும் சிறுகதைகளுமே அடிக்கடி வெல்லும் ஒரு விருது, ஒரு வட்டாரத்தின் எழுச்சியை ஆவணங்களைக் கொண்டு ஆராய்ந்த நூலுக்குக் கிடைத்ததே என்று வரலாற்று ஆர்வலர்கள் மகிழ்ந்தோம். ஆயினும் பெயர்பெற்ற ஆய்வாளருக்கு வாய்த்த கவனம், தன் வட்டத்தின் வரலாற்றை ஓய்வூதியப் பணத்தில் அச்சிடும் பள்ளி ஆசிரியருக்கு வாய்ப்பதில்லை.

தமிழக அரசின் தமிழ் வளர்ச்சித் துறை ஆண்டுதோறும் பல வகைப்பாடுகளில் சிறந்த நூல்களைத் தேர்ந்தெடுத்து, ஆசிரியருக்கு மட்டுமன்றிப் பதிப்பகத்துக்கும் பரிசளிப்பது பாராட்டத்தக்கது. ஆனால் சோழர் காலக் கடல் வாணிபமும் ஒரு கிராமத்து ஏரியின் கதையும் வரலாறு என்ற பொதுத் தலைப்பின்கீழ் போட்டியிட்டால் எது முந்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வட்டார வரலாற்றுக்கெனத் தனி வகைப்பாடு ஒன்றை அரசும், விருது வழங்கும் தனியார் அமைப்புகளும் ஏற்படுத்த வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நந்தனத்தில் நடைபெறும் சென்னைப் புத்தகக் காட்சியில், சிறு பதிப்பகங்களின் அரங்குகளில் இத்தகைய நூல்களை அவ்வப்போது புரட்டிப் பார்க்கிறேன். அட்டையும் தாளும் சுமார்தான்; ஆனால் பின்னிணைப்பில் ஏரி, மதகு, கலிங்கல் ஆகியவற்றின் பெயர்களும், கோயில் கல்வெட்டுகளின் வாசகங்களும், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டெழுதிய செய்திகளும் இருக்கும். இவை வேறெங்கும் கிடைக்காதவை. இதன் அருமை சென்னைவாசிகளுக்குத் தெரியாததன்று: 1920களில் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது என்பதை, 2015 வெள்ளத்துக்குப் பிறகுதான் நம்மில் பலர் ஆர்வத்துடன் படிக்கத் தொடங்கினோம். (தமிழுக்கான முதல் சாகித்திய அகாதெமி விருதை 1955இல் 'தமிழ் இன்பம்' கட்டுரைத் தொகுப்புக்காகப் பெற்ற ரா.பி. சேதுப்பிள்ளையே 'ஊரும் பேரும்' என்ற ஊர்ப்பெயர் ஆய்வையும் எழுதியவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.)

தேர்வு முறையில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. வட்டார வரலாறு என்ற பெயரில் சாதிப் பெருமை பேசும் நூல்களும், தல புராணத்தையே வரலாறாக மாற்றி எழுதிய நூல்களும் ஏராளமாக வருகின்றன. ஊருக்கு ஊர் ஒரு மன்னர் பரம்பரையைக் கண்டுபிடிக்கும் ஆர்வத்துக்கும் குறைவில்லை. தனி விருது இவற்றுக்கு அங்கீகாரமாகிவிடக் கூடாது. எனவே, சொல்லப்படும் ஒவ்வொரு செய்திக்கும் கல்வெட்டோ ஆவணமோ வாய்மொழிச் சான்றோ காட்டப்பட்டுள்ளதா என்பதே முதல் அளவுகோலாக இருக்க வேண்டும். வாய்மொழிச் செய்தியென்றால் யாரிடம், எப்போது கேட்டது என்ற குறிப்பும் வேண்டும். நடுவர் குழுவில் கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரும், எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தின் கோப்புகளோடு பழகிய ஒருவரும், அந்தந்த மாவட்டத்தை நேரில் அறிந்த ஒருவரும் இடம்பெறுவது நல்லது. நடையழகை மட்டும் பார்க்கும் நடுவர்களிடம் இந்நூல்கள் தோற்றே தீரும்.

பரிசுத் தொகை பெரிதாக இல்லாவிட்டாலும் பாதகமில்லை. சால்வையும் கேடயமும் ஆசிரியரின் அச்சுக்கடனை அடைக்கா. பரிசு பெறும் நூலின் படிகளைப் பொது நூலகத் துறை வாங்கி, அந்த மாவட்டத்தின் கிளை நூலகங்கள் அனைத்துக்கும் அனுப்பினால் செலவழித்த பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பும். அவ்வூர் மாணவர்களும் படிப்பார்கள். நடுவர்களின் மதிப்பீட்டுக் குறிப்பையும் விருது அறிவிப்போடு வெளியிட்டால், அடுத்த ஆண்டு எழுத முனைவோருக்கு எத்தகைய சான்றுகள் எதிர்பார்க்கப்படுகின்றன என்பது தெரியவரும். தமிழ் வளர்ச்சித் துறை இதனைப் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நங்கநல்லூர், சென்னை.