செயலாளர் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 – மார்ச் 2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்கள் வீட்டுக்கும் இந்த அறிக்கை அச்சாகிப் போகும் என்பதால் அவர்களுக்கும் வணக்கம்.

முதலில் வழக்கமானவை. 2024 ஏப்ரலில் பெங்களூர் முழுக்கத் தண்ணீர்த் தட்டுப்பாடு, 26ஆம் தேதி வாக்குப்பதிவு வேறு. அதனால் சித்திரைக் கூட்டத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டோம். ஆகஸ்ட் 15 கொடியேற்றம் நடந்தது. நவம்பர் 1 கர்நாடக ராஜ்யோத்சவத்தை (மாநிலம் உருவான நாள்) நம் தெருக் கன்னட நண்பர்களோடு சேர்ந்து கொண்டாடினோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி வைத்தோம். திருவள்ளுவர் நாளன்று அல்சூர் ஏரிக்கரைச் சிலைக்கு மாலை அணிவித்தோம். பத்தாம் வகுப்பு மாணவர் பரிசளிப்பு, நன்கொடையாளர் ஊரில் இல்லாததால் தள்ளிப் போயிருக்கிறது. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி ‘நோன்பு வகுப்பு’, அதாவது வெவ்வேறு மதத்து நோன்புகளைப் பாடமாகப் படிக்கிற நம் மாதாந்திர வகுப்பு. செயலாளர் மன்றத்தை மடமாக்கிவிட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பியிருப்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் கண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழர்களுக்கு ஒரு மதம் போதாது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். செவ்வாய்க்கிழமை மாரியம்மன், வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை யேசு, பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லையென்றால் தர்காவில் மந்திரித்துக் கயிறு. 2024இல் பிள்ளையார் சதுர்த்தி செப்டம்பர் 7, சிவாஜிநகர் மாதா கோயில் தேர் மறுநாள் 8. முதல் நாள் கொழுக்கட்டை பிடித்த கைகள்தான் மறுநாள் காவிச் சேலை கட்டித் தேருக்குப் பின்னால் மெழுகுவத்தி ஏந்தின. ஏப்ரல் 23 இரவு திகளர்பேட்டை தர்மராயர் கோயில் கரகம் புறப்பட்டது. திரௌபதி அம்மன் சக்தியாக வருகிற பூக்கரகம், தவக்கல் மஸ்தான் தர்காவுக்குப் போகாமல் கோயிலுக்குத் திரும்புவதில்லை. அதைச் சுமப்பவர் தமிழ்நாட்டுப் பூர்விகம் கொண்ட திகளர் சமூகத்துப் பூசாரி. இப்படி ஊரே பல மதத்தைச் சேர்த்துக் கும்பிடுகிறது.

ஆனால் கும்பிடுகிற இடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். குழந்தை யேசுவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவருக்கு யேசுவின் மலைப்பொழிவு தெரியாது. தர்காவில் சாம்பிராணி வாங்குகிறவருக்கு ஐந்து கடமைகள் எவை என்று தெரியாது. நம் ஆட்களைத்தான் சொல்லுவானேன், ஏகாதசி இருக்கிறவருக்குத் மறுநாள் துவாதசியில் பாரணை செய்து நோன்பை முடிப்பது ஏன் என்று தெரியாது. கேட்டால் ஒரே பதில்: “எல்லாம் ஒண்ணுதான் சார்.” இந்த வாக்கியத்தைப் போலச் சோம்பேறித்தனத்துக்கு வசதியானது வேறில்லை என்பது என் தாழ்மையான கருத்து. ஒண்ணுதான் என்று சொல்லிவிட்டால் ஒன்றையும் படிக்க வேண்டாம் பாருங்கள்.

அதனால்தான் மாதம் ஒரு ஞாயிறு இந்த வகுப்பு. நான்கு மரபுகளின் நோன்பை எடுத்துக்கொண்டோம்: பௌத்தரின் உபோசதம், வைணவரின் ஏகாதசி, கத்தோலிக்கரின் தவக்காலம், முஸ்லிம்களின் ரமலான். ஒவ்வொன்றையும் அந்த மதத்து உறுப்பினர் பாடமாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மூலநூலின் தமிழ்ப் பெயர்ப்பைப் படித்துவிட்டு வர வேண்டும். விருப்பமும் உடம்பில் தெம்பும் உள்ளவர்கள் ஒரு நாளாவது அந்த முறைப்படி இருந்து பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் படித்தால் மட்டும் போதும் என்று எழுதியே வைத்தோம். அழைக்காமல் எந்தச் சடங்கிலும் நுழைவதில்லை, மாதா கோயிலில் நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் நிற்பதில்லை என்பதும் விதி. வகுப்பில் “எல்லாம் ஒண்ணுதான்” என்று சொன்னால் உண்டியலில் பத்து ரூபாய் போட வேண்டும். இது தலைவருக்கும் உண்டு. அவர் போட்டுமிருக்கிறார்.

இது ஏதோ நான் கண்டுபிடித்த புது வழி என்று பேசுகிறவர்களுக்காகச் சில செய்திகள். மணிமேகலை வஞ்சிக்குப் போய் வைதிகர் முதல் பூதவாதி வரை ஒவ்வொரு சமயத்தாரிடமும் ‘உன் தத்துவம் என்ன’ என்று கேட்கிறாள். அது 27ஆம் காதை. அவள் நோற்பது கடைசி, 30ஆம் காதையில். கேட்ட பிறகுதான் நோற்றாள். நம் உறுப்பினர்கள் பலர் 27க்கே இன்னும் வரவில்லை. ராமகிருஷ்ணர் 1866இல் இஸ்லாமிய முறையில் சாதனை செய்தபோது அந்த நாட்களில் காளி கோயிலுக்குள் போகவில்லை. அங்கும் இங்குமாக ஒரே நாளில் தொட்டுக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் காவிரிக் கரையிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளி சாந்திவனம் ஆசிரமம். 1950இல் மோன்ஷனின், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுப் பாதிரியார்கள் தொடங்கியது. லெ சோ அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டு, திருவண்ணாமலைக் குகைகளில் தங்கித் தியானம் செய்தவர். உபநிடதத்தையும் விடவில்லை, பாதிரியாராகத் திருப்பலிப் பூசை வைப்பதையும் விடவில்லை. இரண்டும் சுகமாக ஒத்துப்போயின என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த இழுபறியை வருஷக்கணக்காக நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். “ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்” என்று நமக்கு வந்த கடிதத்தில் கேலி செய்தவர், அந்த மனிதரின் வாழ்க்கையைப் படித்தால் நல்லது. இரண்டு கால்களும் ஆற்றில்தான் இருந்தன, ஆழத்தில்.

வகுப்பில் நடந்தவற்றுக்கு வருகிறேன். மே 23 வைசாகப் பௌர்ணமிக்கு மெட்ரோ பிடித்து மெஜஸ்டிக்கில் இறங்கி, காந்திநகர் மகாபோதி சங்கத்துக்குப் போனோம். ஆச்சார்ய புத்தரக்கித தேரர் 1956இல் தொடங்கிய இடம். உபோசத நாளில் எட்டுச் சீலங்கள் (ஒழுக்க விதிகள்), நண்பகலுக்குப் பிறகு உணவில்லை. நம் கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்து உறுப்பினர் அன்று பேசினார். அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியதையும், அந்த அலை கோலார் தங்கவயல் தமிழ்த் தொழிலாளர்களிடம் வந்து சேர்ந்ததையும் சொன்னார். “உங்களுக்கு இது புதுப் பாடம். எங்க தாத்தாவுக்கு இதுதான் மதம். நாங்கதான் நடுவுல விட்டுட்டோம்” என்றார். இத்தனை வருஷம் அவரோடு கேரம் ஆடியிருக்கிறோம், ஒருவருக்கும் தெரியாது.

டிசம்பரில் தவக்காலத்துக்கு முன்னேற்பாடாக மத்தேயு ஆறாம் அதிகாரம் படித்தோம். நோன்பு இருக்கும்போது தலைக்கு எண்ணெய் வைத்து முகத்தைக் கழுவிக்கொள், பிறருக்குத் தெரிய வேண்டாம் என்று வருகிற இடம். காக்ஸ் டவுன் மாமி ஒருவர் அதோடு புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டார். வியாழன் தவறாமல் குழந்தை யேசு கோயிலுக்குப் போகிறவர், ஏகாதசியும் தவறாதவர். “நான் ஏகாதசின்னா நாலு நாள் முன்னாலயே மாடி வீடு, கீழ் வீடெல்லாம் சொல்லிடுவேனே. அப்போ அந்தப் புண்ணியமெல்லாம் போச்சா?” என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. ஜனவரி 10 வைகுண்ட ஏகாதசிக்கு அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் பாரணைக்கு அகத்திக்கீரை வாங்கப் போன இடத்தில் என்னைப் பார்த்துத்தான் வாய்விட்டார். எல்லாம் ஒன்று என்றால் இந்தக் கேள்வியே அவருக்கு வந்திருக்காது.

வகுப்பை முதலில் எதிர்த்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? கடிதம் போட்டவர்கள் இல்லை. நம் வாணியம்பாடிப் பாய்தான். “நிய்யத்து இல்லாம, ஈமான் இல்லாம நீங்க இருக்கிறது நோன்பு இல்ல, பட்டினி” என்று முதல் நாளே நேராகச் சொன்னார். நிய்யத்து என்றால் நோற்கிறேன் என்ற எண்ணம், ஈமான் என்றால் இறைநம்பிக்கை. இரண்டு பேருக்கு முகம் சுருங்கியது. எனக்கு அது பிடித்திருந்தது. உள்ளே இருக்கிறவனுக்கு நோன்பு என்பது கடமை, வெளியே இருந்து வருகிறவனுக்கு அனுபவம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அதற்கப்புறம்தான் ‘கடைப்பிடிக்கிறோம்’ என்று பெருமையடிப்பதை விட்டு ‘இருந்து பார்க்கிறோம்’ என்று சொல்லத் தொடங்கினோம். குர்ஆன் இரண்டாம் அத்தியாயத்தில், உங்களுக்கு முன் இருந்தவர்களுக்கு விதிக்கப்பட்டது போல உங்களுக்கும் நோன்பு விதிக்கப்பட்டது என்று வருவதையும், நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாளில் நோற்க இடம் இருப்பதையும் அவரே படித்து விளக்கினார்.

2025இல் ரமலான் நோன்பு தொடங்கியது மார்ச் 2, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் மார்ச் 5. இரண்டும் சேர்ந்து வந்த அந்தப் புதன் மாலை பாய் வீட்டில் நோன்பு திறப்புக்குச் சிலரை அழைத்திருந்தார். அவர்கள் வீட்டுக் கஞ்சியில் கொத்துக்கறி போடுவது வழக்கம். அன்று காலையே பாயின் வீட்டம்மா எனக்கு போன் செய்து, “அண்ணே, நம்ம பிரேசர் டவுன் டீச்சருக்கு இன்னிக்கு சுத்தபோசனம்தானே?” என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். கறி இல்லாமல் பாசிப்பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் விட்டு ஒரு சட்டி தனியாக வைத்துவிட்டார். டீச்சர் நெற்றியில் சாம்பல் குறியோடு வந்து, அன்று தனக்கு அனுமதியுள்ள ஒரு வேளை முழுச் சாப்பாட்டை அதற்காகவே எடுத்து வைத்திருந்தார். பாங்கு சொல்லும்வரை டீச்சர் முன்னாலும் பாய் முன்னாலும் பேரீச்சம்பழத் தட்டு இருந்தது, ஒருவரும் தொடவில்லை. மாமிக்கும் அந்தச் சட்டியில் பங்கு கிடைத்தது. இஞ்சி சற்றுத் தூக்கல் என்று அவர் சொன்னதையும் பதிவு செய்கிறேன்.

சரி, இப்போது மனத்தாங்கல்கள். வகுப்பு வேண்டும் என்று போன பொதுக்குழுவில் கை தூக்கியவர்கள் மண்டபத்தில் பெரும்பாலோர். தொடர்ந்து வந்தவர்கள் ஒரு வேனுக்குள் அடங்குவார்கள். அந்த வேன் விஷயமும் இருக்கிறது. சாந்திவனம் போய்வரப் பயணம் ஏற்பாடாகி, பெயர் கொடுத்தவர்களை நம்பி வண்டிக்கு முன்பணம் கட்டினோம். முதல் நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் ‘வீட்டில் விருந்தாளி’ என்று செய்தி அனுப்பினார்கள். ஒரே ராத்திரியில் அத்தனை வீட்டுக்கும் எங்கிருந்து விருந்தாளி வந்தார்கள் என்று தெரியவில்லை. முன்பணம் திரும்பவில்லை. மன்றக் கணக்கில் அது ‘இதர செலவு’.

கடிதங்கள் இரண்டு. ஒன்று, இது மதமாற்றத்துக்கு வழி என்கிறது. மற்றது, இது எங்கள் மதத்தை விளையாட்டுப் பொருளாக்குகிறது என்கிறது. எழுதியவர்கள் வெவ்வேறு மதத்தவர். இருவரும் ஒரு வகுப்புக்குக்கூட வந்ததில்லை, இருவரும் இரண்டாண்டுச் சந்தா பாக்கி. பெயர் சொல்லவில்லை. யாரும் மதம் மாறவில்லை என்பதைக் கேட்கிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். மாறியது மாமி ஏகாதசி இருக்கும் விதம் மட்டும்தான்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் விரிவாகத் தருவார். உடல்நலக் காரணத்தால் அவர் இன்று வர இயலவில்லை என்பதால் அடுத்த கூட்டத்தில் தருவார். சுருக்கமாகச் சொன்னால் வரவு ஏறக்குறைய போன ஆண்டளவு, செலவு சற்றுக் கூடுதல், கையிருப்பு வாடகைக்குப் போதும். உறுப்பினர்களில் சந்தா முழுதும் கட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. சொன்ன தேதியில் ரொக்கமாக வந்த ஒரே வருமானம், வகுப்பு உண்டியல். அதில் புத்தகங்கள் வாங்கினோம்.

இடம் தந்த மண்டப உரிமையாளர், ஒலிபெருக்கி தந்த இளைஞர் அணி, கஞ்சி வைத்த வீட்டம்மா, தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் அணி, கணக்கைச் சரிபார்த்த தணிக்கையாளர், என் தொல்லையைப் பொறுத்துக்கொண்ட தலைவர், அனைவருக்கும் நன்றி. யாராவது விடுபட்டிருந்தால் மன்னிக்கவும்.

அடுத்த ஆண்டு பற்றி. நோன்பு முடிந்தது, அடுத்து ‘வழிபாட்டில் பாட்டு’ என்று எடுக்கலாம் என்பது யோசனை. குணங்குடி மஸ்தான் சாகிபு, வேதநாயகம் பிள்ளையின் சர்வசமய சமரசக் கீர்த்தனைகள், வள்ளலார், அல்சூர் குருத்வாராவில் கீர்த்தன் என்று பட்டியல் தயாராக இருக்கிறது. செயலாளர் பொறுப்பில் நானே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இளையவர் யாரேனும் முன்வந்தால் பதிவேடு, சாவி, உண்டியல் மூன்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். போன ஆண்டும் இதையே சொன்னேன், யாரும் எழுந்திருக்கவில்லை. இந்த ஆண்டும் யாரும் எழுந்திருக்காவிட்டால், பட்டியலைத் தயார் செய்தவனே நடத்துவான் என்று எடுத்துக்கொள்கிறேன். நடத்துவதற்குச் சந்தா வேண்டும். வாசல் மேசையில் இணைச் செயலாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார், ஜி-பே அட்டையும் வைத்திருக்கிறார். சுண்டல் அந்த மேசையைத் தாண்டித்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்
அல்சூர், பெங்களூர்